கத்திரியில் காஞ்சிக்கு

அக்கினி நட்சத்திரம் என்பது பஞ்சாங்கக் கணக்கு. ஆண்டுதோறும் ஏறக்குறைய மே 4 முதல் 28 வரை. வானிலை ஆய்வு மையத்துக்கு அந்தக் கணக்கு கிடையாது. அது வெப்பமானியை மட்டுமே பார்க்கும். சமவெளியில் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருந்தால் அது வெப்ப அலை. 45-ஐத் தொட்டுவிட்டால், வழக்கம் எதுவானாலும் வெப்ப அலைதான். காஞ்சிபுரத்தில் வண்டி ஓட்டுகிறவருக்கு இரண்டு கணக்கும் வேண்டும். எந்த மாதத்துக்குள் வண்டியும் ஆளும் தயாராக வேண்டும் என்பதைப் பஞ்சாங்கத்தில் பார்க்கலாம். எந்த நாளில் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்பதை வானிலை அறிக்கையில் பார்க்கலாம்.

வெயிலில் வெளியே வராதீர்கள் என்று இந்த அத்தியாயம் சொல்லப்போவதில்லை. சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? வைகாசி முகூர்த்தங்களுக்குப் பட்டு எடுக்க ஊர் ஊராக வந்து இறங்குவது இந்த நாட்களில்தான். வரதராஜப் பெருமாள் கோயில் பிரம்மோற்சவமும் கருடசேவையும் வைகாசியில்தான். ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்குக் கத்திரி விடுமுறை என்று ஒன்று இல்லை. நெய்த சேலையைக் கூட்டுறவுச் சங்கத்தில் ஒப்படைக்கப் போகும் நெசவாளியும், வீடு வீடாகப் பொட்டலம் கொண்டுபோகும் பையனும் பகல் இரண்டு மணிக்கும் ரோட்டில்தான் இருக்கிறார்கள். ஆகவே ஓட்டத்தான் போகிறோம் என்று வைத்துக்கொண்டே பேசுவோம்.

காற்று எதிராளி ஆகும் இடம்

வண்டி ஓட்டுகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது: நின்றால்தான் வேகும், ஓடிக்கொண்டிருந்தால் காற்று பட்டுச் சரியாகிவிடும். பாதி உண்மை. மற்ற பாதிதான் ஆட்களைச் சாய்க்கிறது.

நம் தோலின் வெப்பம் சுமார் 34, 35 டிகிரி. வெளிக்காற்று அதைவிடக் குறைவான சூட்டில் இருக்கும்வரை, மோதுகிற காற்று உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். மாசி மாதக் காலையில் மேல்பொத்தானைத் திறந்துவிட்டு ஓட்டினால் சுகமாக இருப்பது அதனால்தான். காற்றே 40, 41 டிகிரிக்குப் போய்விட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். மோதுகிற காற்று சூட்டை எடுக்காது, கொடுக்கும். வேகம் கூடக் கூட இன்னும் கொடுக்கும். அப்போது உடம்புக்கு மிஞ்சுகிற ஒரே வழி வியர்வை ஆவியாவது. அந்த வியர்வையையும் அறுபது கிலோமீட்டர் வேகக் காற்று தோலில் நிற்கவிடாமல் உறிஞ்சிவிடும். சட்டை நனைவதே இல்லை. ‘எனக்கு வியர்க்கவே இல்லையே’ என்று நினைத்துக்கொண்டே மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குத் தண்ணீரை இழந்துகொண்டிருப்போம். சுங்குவார்சத்திரத்தில் இறங்கும்போது தலை கிறுகிறுக்கும்; காரணம் புரியாது.

கோடையில் வண்டி ஓட்டுவது பற்றி ஒன்றே ஒன்றுதான் நினைவில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும்: வெப்பம் 37-ஐத் தாண்டிவிட்டால் தோலைத் திறந்துவிடக் கூடாது, மூட வேண்டும். மூடியதை நனைக்க வேண்டும். கீழே வருகிற உடுப்பு யோசனைகள் எல்லாம் இதிலிருந்து பிறப்பவை.

அறிக்கையில் வரும் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள், தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் எடுக்கப்படுவது. வெயிலில் கிடக்கும் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். முன்னால் நிற்கிற பேருந்தின் புகை, பக்கத்து லாரியின் இன்ஜின், உங்கள் தொடைக்கு நடுவில் இருக்கிற இன்ஜின் எல்லாம் கூடுதல் வரவு. காஞ்சிக்குக் கிளம்பும்போது சென்னை மீனம்பாக்கத்து எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். வேலூரையும் திருத்தணியையும் பாருங்கள். சென்னையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று நுழைந்துவிட்டால் எண் இறங்கத் தொடங்கும். காஞ்சி கடலிலிருந்து அறுபது கிலோமீட்டர் அளவு உள்ளே இருக்கிறது. மேற்குக் காற்று பலமாக வீசும் நாளில் கடற்காற்று இங்கே வந்து சேர மாலையாகும். சில நாள் வராமலே போகும். சென்னையில் 38, காஞ்சியில் 41 என்பதில் அதிசயம் ஒன்றுமில்லை.

கோயில் நடையும் பட்டுக்கடையும்

வெளியூரிலிருந்து வருகிறவர்களை மாட்டிவிடுவது வெயில் மட்டுமல்ல, கோயில் நேரமும்தான். காஞ்சியின் பெரிய கோயில்களில் பெரும்பாலும் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்க நான்கு மணியாகும். சென்னையில் ஒன்பது மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பி, வழியில் டிபன் முடித்து, பதினொன்றரைக்கு ஏகாம்பரநாதர் கோயில் வாசலில் செருப்பை விட்டவர் கதி என்ன ஆகும்? கொதிக்கிற கருங்கல்லில் குதித்துக் குதித்து ஒரு சுற்று. அடுத்த கோயிலுக்குப் போவதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது. இனி என்ன செய்வது என்று ஒரு மணிக்கு வண்டியைத் திருப்பி, நாளின் ஆகக் கொடுமையான மூன்று மணி நேரத்தில் நெடுஞ்சாலையில் போய்ச் சேருவார்.

இதைத் திருப்பிப் போடுங்கள். சென்னையிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர்தான். விடியற்காலை ஐந்து, ஐந்தரைக்குக் கிளம்பினால் ஏழரைக்குள் ஊருக்குள் இருக்கலாம். காமாட்சி அம்மன், ஏகாம்பரநாதர், கைலாசநாதர் என்று பார்க்க வேண்டியதையெல்லாம் பத்தரைக்குள் முடியுங்கள். அதற்குப் பிறகு காந்தி ரோட்டுக்கு வந்து பட்டுக்கடைக்குள் நுழைந்துவிடுங்கள். குளிர்சாதனம் ஓடும், உட்கார மெத்தை இருக்கும், தண்ணீர் கொடுப்பார்கள். சேலை எடுப்பது எப்படியும் மூன்று மணி நேர வேலை. அந்த மூன்று மணி நேரம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை அமைந்தால், பொறுமையிழந்து வாசலில் நிற்கும் வீட்டு ஆண்கள்கூட அன்றைக்கு முனக மாட்டார்கள். நான்கு மணிக்கு மேல் வரதராஜர்; ஐந்தரைக்கு மேல் திரும்பும் பயணம்.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு லாபமும் இருக்கிறது. சென்னையிலிருந்து காஞ்சி ஏறக்குறைய மேற்கே. காலையில் வரும்போதும் மாலையில் திரும்பும்போதும் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். உள்ளூர்க்காரருக்குத்தான் இந்தக் கொடுப்பினை இல்லை. காஞ்சியிலிருந்து ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ வேலைக்குப் போகிறவர் காலையில் சூரியனைப் பார்த்துக்கொண்டே போகிறார், மாலையில் சூரியனைப் பார்த்துக்கொண்டே வருகிறார். அவருக்கு நிறக் கண்ணாடி உள்ள ஹெல்மெட் ஆடம்பரம் ஆகாது. ஆனால் அந்த நிறக் கண்ணாடியோடு இரவு ஷிஃப்ட் முடித்து வரக் கூடாது. உள்ளே இறக்கி ஏற்றும் கறுப்புக் கண்ணாடி வைத்த ஹெல்மெட், அல்லது மூக்குக்கண்ணாடிக்கு மேல் போடும் வெயில் கண்ணாடி போதும். எதிர்வெயிலில் வருகிற வண்டிக்காரருக்கும் நீங்கள் தெரிய மாட்டீர்கள் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

நிழலை நம்பி வண்டி நிறுத்துவதில் ஒரு சூட்சுமம். காஞ்சி ஏறக்குறைய 12.8 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாள் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். கத்திரி முழுக்க அது உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. ஐம்பது மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஏகாம்பரநாதர் ராஜகோபுரம்கூட அந்த நேரத்தில் ஒரு வண்டிக்கு நிழல் தராது. மரத்தடியோ மதிலோரமோ காலையில் வண்டி நிறுத்தினால், இப்போது நிழல் இருக்கிற மேற்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். கிழக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். ஒரு மணிக்கு மேல் நிழல் அங்கேதான் வரும். நீங்கள் திரும்பி வருவதும் அப்போதுதான்.

வெயிலை எப்படிக் கையாள்வது என்பதை இந்த ஊர்த் தறிக்காரர்களிடம்தான் கற்க வேண்டும். பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் பாவு நீட்டும் வேலையை வெயில் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுவார்கள். ஒரு பாவு பெரும்பாலும் மூன்று சேலைக்கான நீளம். தெருவின் பாதியை அடைத்துக்கொள்ளும். காலையில் அந்தப் பக்கம் வண்டியில் நுழைந்து, எதிரே இழைகள் இழுத்துக் கட்டியிருப்பதைப் பார்த்தால் ஹாரன் அடிக்காதீர்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டியைத் திருப்பி வேறு தெருவில் போங்கள். தூசியும் புகையும் பட்டால் கெடுவது ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு.

சித்ரா பௌர்ணமியன்று வரதராஜப் பெருமாளே ஐயங்கார்குளத்தில் நிலத்துக்கு அடியில் இருக்கிற நடவாவிக் கிணற்று மண்டபத்தைத் தேடிப் போகிறார். கோடையைப் புரிந்தவர். அன்றைக்கு அந்தச் சாலையில் வண்டி நகராது. கருடசேவையன்று ஊருக்குள்ளேயே நகராது. திருவிழா நாளில் வண்டியை ஊரின் விளிம்பில் விட்டுவிட்டு நடப்பதுதான் லாபம். மூங்கில் மண்டபம், இரட்டை மண்டபம் சந்திப்புகளில் நெரிசலில் சிக்கி, இன்ஜின் சூட்டோடு ஊர்ந்துபோவது நெடுஞ்சாலை வெயிலைவிட மோசம்.

மூடுவதும் நனைப்பதும்

அரைக்கை டீ-ஷர்ட் கோடை உடுப்பு என்பது வீட்டுக்குள் சரி. வண்டியில் முழுக்கை வேண்டும். சற்றுத் தளர்வான, கெட்டியான பருத்தி. வெளிர் நிறம். கழுத்துப் பொத்தானைப் போடுங்கள். கைக்கு உறை, கருகிப்போவது முதலில் விரல் மேல்பகுதிதான். நீண்ட தூரம் போகிறவரிடம் வலை வைத்த ஜாக்கெட் இருந்தால், 35 டிகிரி வரை அதற்கு நிகரில்லை. 40-க்கு மேல் அந்த வலை வழியே சூடுதான் உள்ளே வரும். அப்போது அடியில் நனைத்த பனியன் போட்டால் மறுபடி அது வேலை செய்யும்.

நனைத்த பனியன் செய்வது மண்பானை செய்கிற வேலையைத்தான். தண்ணீர் ஆவியாகும்போது பக்கத்தில் இருப்பதன் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. பருத்திப் பனியனை முக்கி, சொட்டாத அளவுக்குப் பிழிந்து போட்டுக்கொண்டு, மேலே சட்டை அல்லது ஜாக்கெட். நெடுஞ்சாலை வேகத்தில் அரை மணி, முக்கால் மணி தாங்கும். அது காய்வதுதான் உங்கள் ஓய்வுக்கான மணி: பனியன் காய்ந்ததா, நிறுத்துங்கள், தண்ணீர் குடியுங்கள், மறுபடி நனையுங்கள். வெறும் தோலுக்கு மேல் நனைத்த பனியனை மட்டும் போட்டால் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும்; மேலே ஓர் உறை இருந்தால்தான் மெல்ல ஆவியாகும்.

பனியனை நனைக்கச் சங்கடம் என்றால் ஈரிழைத் துண்டு. நனைத்துக் கழுத்தைச் சுற்றிக் கட்டி, இரண்டு முனைகளையும் சட்டைக்குள் செருகுங்கள். தொங்கவிட்ட துண்டும் துப்பட்டாவும் செயினில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. பின்னால் சேலையில் உட்காருகிறவருக்கும் இதே எச்சரிக்கை. பின்சக்கரத்தில் பாதியாவது மூடும் தடுப்பு இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது. அழகு கெடுகிறது என்று அதைக் கழற்றிவிட்டு ஓடும் வண்டியில் பட்டுச் சேலையோடு ஏறாதீர்கள்.

கடற்காற்று வந்துவிட்ட மாலையில் இந்த வித்தை எடுபடாது. காற்றில் ஈரம் ஏறிவிட்டால் துணி காயாது, உடம்பு பிசுபிசுக்கும். ஆனால் அப்போது வெப்பமும் 34, 35-க்கு இறங்கியிருக்கும். காற்றை உள்ளே விட்டால் போதும்.

ஹெல்மெட்டுக்கு வருவோம். வெயில் நாளில் அதைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகிறவர்கள் சொல்லும் காரணம் தலை வேகிறது என்பது. உள்ளே இருக்கும் வெள்ளை நுரைப்பொருள் வெப்பத்தைத் தடுப்பது. நேர் வெயிலில் வெறும் தலையைவிட, காற்றுத் துளைகள் திறந்திருக்கும் வெளிர் நிற ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தலைதான் பிழைக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். உள்ளே மெல்லிய பருத்திக் குல்லாய் அல்லது நனைத்த கைக்குட்டை வையுங்கள். வியர்வை கண்ணில் இறங்காது, உள்மெத்தையும் நாறாது. நிறுத்தியிருக்கும்போது ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் கவிழ்த்து வைக்காதீர்கள். சூடும் பெட்ரோல் ஆவியும் அந்த நுரைப்பொருளுக்கு ஆகாது.

தண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல

தாகம் எடுத்தபின் குடிப்பது தாமதம். கிளம்புவதற்கு அரை மணி முன்பு இரண்டு தம்ளர். பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக. ஆளுக்கு இரண்டு லிட்டர் வண்டியில் இருக்கட்டும். ஒன்று குடிக்க, ஒன்று துணி நனைக்க. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர் மஞ்சளானால் அன்றைக்கு நீங்கள் கடனில் ஓடுகிறீர்கள்.

வியர்வையோடு போவது உப்பும்தான். நாள் முழுக்க வெறும் தண்ணீரையே மொண்டு குடித்தால் தலைவலியும் குமட்டலும் வரும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும். முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும், ஒரு தம்ளரில் பாதியைக் கொட்டிக் கலக்கக் கூடாது. கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சர்க்கரை ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், இரண்டும் தலைதட்டி. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கோடை தொடங்குமுன் அவசியம் கேட்க வேண்டும். தானாக நிறுத்தவும் வேண்டாம், கேட்காமல் வெயிலில் ஓடவும் வேண்டாம்.

ரோட்டோரத்தில் எதற்கு நிறுத்துவது? உப்புப் போட்ட நீர்மோர் முதல் தரம். இளநீரில் பொட்டாசியம் உண்டு, உப்பு குறைவு. கூடக் கொஞ்சம் உப்புக் கடலை கொறித்தால் சரியாகும். நுங்கும் தர்பூசணியும் வயிற்றுக்கு இதம். ஆனால் காலையிலேயே வெட்டி ஈ மொய்க்க வைத்த கீற்றை வாங்காதீர்கள். வெயிலில் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் தாங்காது. கேழ்வரகுக் கூழ் வண்டி தென்பட்டால் மதியச் சாப்பாட்டை அதோடு முடித்துக்கொள்வது என் கட்சி. முழுச் சாப்பாடு, அப்பளம், பாயசம் எல்லாம் முடித்து இரண்டு மணிக்கு வண்டியில் ஏறினால் வெயிலைவிடத் தூக்கம்தான் முதலில் அடிக்கும். மிளகும் சுக்கும் சீரகமும் போட்ட காஞ்சிபுரம் இட்லி காலைக்கு அருமை. பீர் சூட்டைத் தணிக்கும் என்பவரோடு ஒரே வண்டியில் ஏறாதீர்கள்.

உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் எடுக்கும். ஆண்டு முழுக்கக் குளிர்சாதன அறையில் இருந்துவிட்டு, மே மாதத்தில் ஒரு நாள் கிளம்புகிறவர் தினமும் ஓட்டும் கொரியர் பையனோடு போட்டி போடக் கூடாது.

வண்டிக்கு என்ன செய்வது

வண்டியைப் பற்றிய கவலை பொதுவாக மிகை. இந்த ஊர்க்காரர்கள் ஓட்டும் வண்டிகளில் பல இந்த மாவட்டத்து வெயிலிலேயே பிறந்தவை. ராயல் என்ஃபீல்டின் ஒரகடம் ஆலை 2013-லும், வல்லம் வடகால் ஆலை 2017-லும் ஓடத் தொடங்கின. யமஹாவும் வல்லம் வடகாலில்தான் செய்கிறது. பிள்ளையார்பாளையத்துச் சந்துகளில் சுமை இழுக்கும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். எத்தனை கத்திரியைப் பார்த்திருக்கும்! ஓட்டுகிறவர் விழுந்த பிறகும் வண்டி ஓடத் தயாராகத்தான் இருக்கும்.

கவனம் வேண்டியது டயரில். காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். எவ்வளவு என்பது செயின் கவரிலோ பின் கையிலோ ஒட்டியிருக்கும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்குவதுதான் பலர் செய்யும் தவறு. மாலையில் ஆறியதும் டயர் தளர்ந்துவிடும். தளர்ந்த டயர் நெளிந்து நெளிந்து இன்னும் சூடாகும். வெடிக்கிற டயர் பெரும்பாலும் இப்படிக் காற்றுக் குறைந்ததும் வயதானதும்தான். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 1819 என்றால் 2019-ன் பதினெட்டாவது வாரம். வெடிப்புக் கோடுகள் விழுந்திருந்தால் பட்டன் ஆழமாக இருந்தாலும் மாற்றுங்கள். டியூபில் பழைய பஞ்சர் ஒட்டு ஏகப்பட்டது இருந்தால் நீண்ட பயணத்துக்கு முன் புது டியூப். நைட்ரஜன் அடிக்கச் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். சாதாரணக் காற்றிலேயே அது 78 சதவீதம் இருக்கிறது.

கோடையில் டேங்கை நிரப்பினால் வெடிக்கும் என்று ஆண்டுதோறும் ஒரு செய்தி கைபேசியில் சுற்றும். வெயிலில் நிற்பதாலேயே பெட்ரோல் தானாகத் தீப்பிடிக்காது. அதற்கு 250 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் பெட்ரோல் விரியும். பன்னிரண்டு லிட்டர் பத்து டிகிரி சூடேறினால் ஏறக்குறைய நூறு மில்லிக்கு மேல் கூடும். மூடி வரை வழிய வழிய நிரப்பினால் அது போக இடமில்லை; கசியும், அல்லது ஆவி பிடிக்கும் குப்பியை நாசம் செய்யும். கழுத்துக்குக் கீழே நிறுத்தச் சொல்லுங்கள். ரிசர்வில் ஓடாதீர்கள், புது வண்டிகளில் டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர வைப்பதே அந்தப் பெட்ரோல்தான்.

காற்றால் குளிரும் இன்ஜினுக்கு ஓட்டம்தான் மருந்து. ரயில்வே கேட்டிலோ ஊர்வலத்திலோ நின்றால் அணைத்துவிடுங்கள். ஆயில் அளவை வாரம் ஒருமுறை பாருங்கள். எந்த ரகம் என்பது கையேட்டில் இருக்கும், கோடைக்கென்று கெட்டியான ஆயில் ஊற்றச் சொல்லும் மெக்கானிக்கின் பேச்சைக் கேட்க வேண்டாம். நியூட்ரல் விழ மறுப்பது, இழுவை குறைவது, டக் டக் என்ற சத்தம், இவை இன்ஜின் ஓய்வு கேட்பதன் அடையாளம். நிழலில் இருபது நிமிடம். இன்ஜின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். ரேடியேட்டர் உள்ள வண்டியில் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் வெயிலில் ஓடி வந்த கையோடு சார்ஜ் போடாமல், நிழலில் ஆறவிட்டுப் போடுங்கள்.

உருகிய தாரில் பக்கவாட்டு ஸ்டாண்ட் புதைந்து வண்டி மெல்லச் சாயும். அடியில் தட்டைக் கல் ஒன்று வையுங்கள். வளைவுகளில் தார் கசிந்து பளபளக்கும் இடமும் வழுக்கும்; அங்கே பிரேக்கைத் தொடாமல் கடந்துவிடுங்கள். நெடுஞ்சாலையில் சாலைப் பணிக்காகத் திருப்பிவிடும் இடங்களில் மண்தூசி. முன்னால் போகும் லாரியைவிட்டுத் தள்ளி ஓட்டினால்தான் பள்ளமும் தெரியும், மூச்சும் விடலாம்.

சேலையும் பிள்ளையும்

சேலை கொண்டுபோகிறவர்களுக்கு: கறுப்பு ரெக்சின் பையை டேங்க் மேல் வைத்து ஓட்டாதீர்கள். மேலிருந்து வெயில், கீழிருந்து இன்ஜின். வெள்ளைத் துணியில் சுற்றி, அதைப் பைக்குள் வைத்து, பின்னிருக்கையில் கட்டுங்கள். நனைத்த துண்டும் தண்ணீர்ப் பாட்டிலும் அந்தப் பையில் இருக்கவே கூடாது. கறை பட்ட சேலைக்குச் சங்கத்தில் விலை இறங்கும்.

பிள்ளையை டேங்க் மேல் உட்காரவைத்து ஓட்டும் அப்பாக்கள் ஒருமுறை அந்த டேங்கைத் தொட்டுப் பார்க்கட்டும். முழு அனல்காற்றும் குழந்தையின் முகத்தில்தான். பெரியவர்களைவிடக் குழந்தைகள் சீக்கிரம் சூடாகிறார்கள், சொல்லவும் தெரியாது. நான்கு வயதுக்குள் இருந்தால் இணைப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் கட்டாயம், வேகம் 40-க்குள் என்று 2023 பிப்ரவரி முதல் விதி இருக்கிறது. பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை பேருந்தில் அனுப்புவதே மேல்.

ஆள் சாய்ந்தால்

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, கொட்டும் வியர்வை, கை நடுக்கம். இந்தக் கட்டத்தில் நிறுத்தினால் பிழைத்தீர்கள். நிழல், படுக்கை, கால் சற்று மேலே, ஓ.ஆர்.எஸ்., ஈரத்துணி, விசிறி. அன்றைக்கு மறுபடி வண்டி ஓட்டக் கூடாது.

பேச்சு குழறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தால் அது வெப்பத் தாக்கு. உடம்புக்குள் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். தோல் காய்ந்துதான் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்; வண்டி ஓட்டுகிற ஆளுக்கு வியர்வையோடும் வரும். 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா நிற்காதீர்கள், அந்த நிமிடங்கள்தான் உயிர். ஹெல்மெட், ஜாக்கெட், காலணி எல்லாவற்றையும் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். பக்கத்துக் கடையில் ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் இந்தச் சூட்டுக்கு உதவாது.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ரோட்டோரத்தில் சாய்ந்தவரை அரசு மருத்துவமனையில் சேர்க்கும்போது வெயிலில் வண்டி ஓட்டி வந்தார் என்பதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பிழைத்தால் சிகிச்சைக்கு உதவும். இல்லாவிட்டால் வீட்டாருக்கு உதவும்.

வீடு சேர்ந்த பிறகு

கோடை மாலையில் மேற்கே மேகம் திரண்டு திடீரென்று இடிமழை கொட்டுவதும் உண்டு. முதல் பத்து நிமிடம் சாலையை நம்பாதீர்கள். மாதக்கணக்கில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து சோப்புப் போட்டதுபோல் ஆகியிருக்கும். ஓரம் கட்டி நில்லுங்கள். நனைவது அன்றைக்குச் சுகம்தான்.

வீட்டுக்கு வந்த வேகத்தில் வண்டியைக் கழுவாதீர்கள், இன்ஜின் ஆறட்டும். செயினுக்கு ஆயில் போடுவதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். ஓடி வந்த வெதுவெதுப்பில்தான் அது இடுக்குகளுக்குள் இறங்கும்; மறுநாள் காலை புறப்படும்போது போட்டால் பாதி பின்சக்கரத்திலும் மீதி சேலைப் பையிலும் தெறிக்கும்.